பிஎம்பி சான்றிதழும் நிறுவனத்தின் பங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள், கட்டுமானம், எண்ணெய், வங்கித் தொழில்நுட்பம் என்று எந்தத் துறையாக இருந்தாலும், ஏழெட்டு ஆண்டு வேலை பார்த்தவர்கள் ஒரு கட்டத்தில் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழை மையமாக வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்; நம் ஊர் வேலை விளம்பரங்களில் அதிகம் தென்படுவது அதுதான். சான்றிதழ் தேவையா, அதற்கு யார் பணம் கட்டுவது என்ற இரண்டையும் தனித்தனியாக யோசிப்பதால்தான் பலர் குழம்புகிறார்கள். சான்றிதழால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் இரண்டுக்கும் சேர்த்தே விடை கிடைத்துவிடும்.

பிஎம்பி என்றால் என்ன? யார் வழங்குகிறார்கள்?

புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட், சுருக்கமாக பிஎம்ஐ, 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தொழில்முறைச் சங்கம். தலைமையகம் பென்சில்வேனியாவில் இருக்கிறது. 1984 முதல் அது நடத்திவரும் தேர்வில் தேறியவருக்குக் கிடைப்பது ‘புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல்’ என்ற சான்று. இது அரசு தரும் உரிமம் அல்ல. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பதிவு கட்டாயம். திட்ட மேலாளருக்கு அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் கிடையாது. ஆகவே பிஎம்பியின் மதிப்பு என்பது சந்தை கொடுக்கும் மதிப்பு மட்டுமே. சில இடங்களில் சந்தை நன்றாகக் கொடுக்கிறது, சில இடங்களில் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தேர்வு எழுத என்ன தகுதி வேண்டும்?

நான்காண்டுப் பட்டம் இருந்தால், கடந்த எட்டு ஆண்டுகளுக்குள் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் வேண்டும். டிப்ளமோ அல்லது பள்ளிப் படிப்பு மட்டும் என்றால் 60 மாதங்கள். இரு தரப்பாருக்கும் பொதுவாக 35 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சியும் வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று திட்டங்களைக் கவனித்திருந்தாலும் அது ஒரு மாதமாகத்தான் கணக்கில் வரும். சில ஆண்டுகளாக நடப்பில் இருந்துவந்த விதிகள் இவை. பிஎம்ஐ அவ்வப்போது விதிகளைத் திருத்தும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அதன் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

என் பதவிப் பெயரில் ‘திட்ட மேலாளர்’ என்பதே இல்லையே, விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக விண்ணப்பிக்கலாம். பிஎம்ஐ கேட்பது நீங்கள் செய்த வேலையை. விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயரை அல்ல. குழுத் தலைவர், தள பொறியாளர், தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர், ஆலை பராமரிப்புப் பொறியாளர் எனப் பலரும் ஆண்டுக்கணக்கில் திட்டங்களை நடத்திவிட்டு, அது திட்ட மேலாண்மை என்று தெரியாமலே இருக்கிறார்கள். ஆலையை மூடிப் பதினைந்து நாளில் பராமரிப்பு முடித்து மீண்டும் ஓட்டத் தொடங்குவதற்கு ஆள், பொருள், நேரம், ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் திட்டமிட்டவர் செய்தது திட்ட மேலாண்மைதான். ஆனால் அதே ஆலையில் தினசரி உற்பத்தியைக் கவனிப்பது சேராது. தொடக்கமும் முடிவும் உள்ள வேலையா, அதில் முடிவெடுக்கும் பொறுப்பு உங்களிடம் இருந்ததா என்று பாருங்கள்.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் நோக்கம், உங்கள் பங்கு, விளைவு ஆகியவற்றைச் சுருக்கமாக எழுத வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் ‘நாங்கள் செய்தோம்’ என்று அடக்கமாக எழுதிவிட்டு, தங்கள் பங்கு எது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு இடத்தில் அடக்கம் வேண்டாம்.

அனுபவத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் யாருக்குத் தெரியும்?

விண்ணப்பங்களில் சிலவற்றை பிஎம்ஐ தணிக்கைக்கு எடுக்கிறது. எடுத்தால் பட்டச் சான்று, பயிற்சிச் சான்று, அந்தந்தத் திட்டத்தை அறிந்த மேலதிகாரியின் உறுதிமொழி எல்லாம் கொடுக்க வேண்டும். பழைய அலுவலகத்து மேலாளரிடம் இதற்காகப் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு எழுதினால் மிகையாக எழுத வராது. ‘தேர்வே எழுத வேண்டாம், சான்றிதழ் வாங்கித் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை அழித்துவிடுங்கள். சான்று பெற்றவர்களின் பதிவேடு பிஎம்ஐ இணையதளத்தில் இருக்கிறது. எந்த நிறுவனமும் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

தேர்வு எப்படி இருக்கும்?

2021 ஜனவரியில் வந்த அமைப்பின்படி 180 கேள்விகள், 230 நிமிடங்கள், நடுவில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு இடைவேளை. கேள்விகளில் 42 விழுக்காடு மனிதர்களை நடத்துவது பற்றியது, 50 விழுக்காடு செயல்முறை, 8 விழுக்காடு வணிகச் சூழல். ஏறத்தாழப் பாதிக் கேள்விகள் அஜைல் (வேலையைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்து, அவ்வப்போது திருத்திக்கொண்டே போகும் முறை) அல்லது அதையும் வழக்கமான முறையையும் கலந்த முறை சார்ந்தவை. இந்த விகிதங்களையும் பிஎம்ஐ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும். தேர்ச்சிக்கான மதிப்பெண் எவ்வளவு என்பதை அது வெளியிடுவதில்லை.

மனப்பாடம் செய்து தேறுவது கடினம். ஒரு சூழ்நிலையைச் சொல்லி, ‘திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்பார்கள். அனுபவசாலிகள் விழுவது இங்கேதான். குழுவில் ஒருவர் வேலையைத் தாமதப்படுத்தினால் நம் அலுவலகங்களில் முதலில் நடப்பது மேலதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல், வேண்டுமென்றே பத்துப் பேருக்கு நகலுடன். தேர்வு எதிர்பார்ப்பது வேறு: அவரைத் தனியாக அழைத்துப் பேசு, காரணத்தைக் கண்டுபிடி, பாதிப்பை அளந்து பார், பிறகு தேவைப்பட்டால் மேலே போ. வாடிக்கையாளர் புதிதாக ஒன்றைக் கேட்டால் உடனே ‘சரி’ என்பதும் தவறு, ‘முடியாது’ என்பதும் தவறு. கேட்பதற்கு நேரமும் செலவும் எவ்வளவு கூடும் என்று ஆராய்ந்து, மாற்றத்துக்கு ஒப்புதல் தர வேண்டியவரிடம் கொண்டுபோக வேண்டும். இருபது ஆண்டு அலுவலகப் பழக்கத்தைத் தேர்வறைக்கு வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது கேட்கச் சற்று விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பயிற்சியில் உண்மையான பயன் ஏதாவது உண்டென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போதுதான் கல்லூரி முடித்தேன். நான் எதை எழுதலாம்?

பிஎம்பி எழுத முடியாது. பிஎம்ஐயின் தொடக்கநிலைச் சான்றான சிஏபிஎம் இருக்கிறது. 23 மணி நேரப் பயிற்சி போதும், அனுபவம் கேட்பதில்லை. எழுதினால் தவறில்லை, ஆனால் அதை வைத்து மட்டும் வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் மூன்று ஆண்டுகள் ஒரு வேலையை உருப்படியாகக் கற்றுக்கொள்வதே மேல்.

பிரின்ஸ்2, ஸ்க்ரம் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றனவே?

பிரின்ஸ்2 பிரிட்டன் அரசின் தகவல் தொழில்நுட்பத் திட்டங்களுக்காக உருவான முறையின் வாரிசு. 1996-இல் எல்லாத் துறைக்கும் பொருந்தும்படி திருத்தி வெளியிட்டார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பிய வாடிக்கையாளர்களுடன் வேலை செய்பவருக்கு அது பயன்படும். அதன் அடிப்படைநிலைத் தேர்வுக்கு அனுபவம் தேவையில்லை என்பது ஒரு வசதி. ஸ்க்ரம் என்பது அஜைல் முறைகளில் ஒன்று; அதற்கான சான்றுகள் பெரும்பாலும் மென்பொருள் குழுக்களுக்குப் பயன்படுபவை. அவற்றில் சில இரண்டு நாள் வகுப்பில் முடிந்துவிடும். எளிதில் கிடைப்பதால் கூட்டமும் அதிகம், தனித்துத் தெரிவது கடினம். வளைகுடா நாடுகளில் கட்டுமானம், எண்ணெய், எரிவாயுத் துறைகளுக்குப் போக நினைக்கும் பொறியாளர்களுக்கு பிஎம்பியே முதல் தேர்வு. அங்கே வேலை விளம்பரங்கள் அதைப் பெயர் சொல்லியே கேட்கின்றன.

மூன்றையும் சேர்த்து வாங்கிப் பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டிகள்போல் கோத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறோம். நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சான்றிதழ் வாங்கினால் சம்பளம் உயருமா?

பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களில் ஒரு விழுக்காடு கட்டாயம் இருக்கும்: சான்று உள்ளவர்கள் இல்லாதவர்களைவிட இவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று. பெரும்பாலும் அது பிஎம்ஐ நடத்தும் ஊதிய ஆய்விலிருந்து எடுத்தது. அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சான்றிதழை விற்பவரே நடத்தும் ஆய்வு அது. பதில் சொல்பவர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே சொல்கிறார்கள். அதைவிட முக்கியம், சான்று வாங்குபவர்கள் ஏற்கெனவே அனுபவம் கூடியவர்கள், பெரிய நிறுவனத்தில் இருப்பவர்கள், முன்னேறும் முனைப்பு உள்ளவர்கள். சான்று இல்லாமலும் அவர்கள் கூடுதலாகத்தான் சம்பாதித்திருப்பார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த எண்ணால் முடியாது.

இருக்கும் நிறுவனத்திலேயே இருந்துகொண்டு, சான்றிதழைக் காட்டி அடுத்த மாதமே ஊதிய உயர்வு கேட்டால் அநேகமாக ஒரு பாராட்டு மின்னஞ்சல்தான் கிடைக்கும். சம்பளம் மாறுவது வேலை மாறும்போது, அல்லது புதிய பொறுப்பு கிடைக்கும்போது. மனிதவளத் துறையினர் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை வடிகட்டும்போது ‘பிஎம்பி’ என்ற சொல்லைத் தேடுகிறார்கள். அந்தச் சல்லடையைத் தாண்ட இது உதவும். தாண்டிய பிறகு உங்கள் அனுபவம்தான் பேச வேண்டும்.

நான் சான்று பெறுவதில் நிறுவனத்துக்கு என்ன லாபம்?

பலர் நினைப்பதைவிட அதிகம். பணியாளர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமலே மேலாளரிடம் உதவி கேட்டு நிற்கிறார்கள்.

அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வெளியிடும் தகவல் தொழில்நுட்ப டெண்டர் ஆவணங்களைப் புரட்டிப் பாருங்கள். தொழில்நுட்ப மதிப்பீட்டில் முக்கியப் பணியாளர்களின் தகுதிக்கென்று மதிப்பெண்கள் ஒதுக்கியிருப்பார்கள். திட்ட மேலாளருக்கு இத்தனை ஆண்டு அனுபவம், அதனுடன் பிஎம்பி அல்லது பிரின்ஸ்2 சான்று என்று எழுதியிருக்கும். விலையையும் தரத்தையும் சேர்த்து மதிப்பிடும் டெண்டர்களில் ஓரிரு மதிப்பெண் வித்தியாசத்தில் கோடிக்கணக்கான ஒப்பந்தம் கைமாறும். சான்று பெற்ற ஆள் இல்லாத நிறுவனம் கடைசி நேரத்தில் வெளியிலிருந்து ஒருவரைத் தேடிப் பிடித்து அவருடைய தன்விவரக் குறிப்பை இணைக்கிறது. வளைகுடா ஒப்பந்தங்களிலும் இதே கதைதான். இப்படி உங்கள் சான்றிதழ் நகல் டெண்டரில் இணைக்கப்படுகிறது என்றால், அது உங்கள் தனிப்பட்ட படிப்பு அல்ல, நிறுவனத்தின் வணிகக் கருவி. அதற்கான செலவை உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

டெண்டருக்குப் போகாத, தன் சொந்தப் பொருளை உருவாக்கும் மென்பொருள் நிறுவனம் என்றால் இந்த வாதம் எடுபடாது. அங்கே கேட்பதற்கு வேறு காரணம் வேண்டும்.

நிறுவனத்திடம் எதையெல்லாம் கேட்கலாம்?

தேர்வுக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். உண்மையில் செலவு பல துண்டுகளாக இருக்கிறது: 35 மணி நேரப் பயிற்சி, பிஎம்ஐ உறுப்பினர் சந்தா, தேர்வுக் கட்டணம், மாதிரித் தேர்வுகள், தோற்றால் மறுதேர்வு, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. உறுப்பினருக்குத் தேர்வுக் கட்டணம் குறைவு என்பதால் சந்தாவையும் சேர்த்துக் கேட்பதே கணக்குக்குச் சரி. பயிற்சிக்கு இணையத்தில் சில ஆயிரம் ரூபாயிலும் முடிக்கலாம், நேரடி வகுப்பில் அதைவிடப் பல மடங்கும் கொடுக்கலாம். மலிவானதை நீங்களே முன்மொழிந்தால் ஒப்புதல் விரைவில் வரும்.

பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது நேரம். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மூன்று நாள் விடுப்பு, அதுவும் உங்கள் ஈட்டிய விடுப்பில் கழிக்காமல், கேளுங்கள். அதற்கும் மேலாக ஒன்று உண்டு: சான்று பெற்ற பிறகு நடத்த ஒரு திட்டம். கட்டணம் முழுவதையும் கொடுத்துவிட்டு, தேறி வந்தவரைப் பழைய இருக்கையிலேயே பழைய அறிக்கையைத் தட்டச்சு செய்ய வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆறு மாதத்தில் அவர் போய்விட்டால் ‘சான்றிதழ் கொடுத்தோம், ஓடிவிட்டார்’ என்று புலம்புவார்கள். அவரை வெளியே தள்ளியது சான்றிதழ் அல்ல, அந்த இருக்கை.

மேலாளரிடம் எப்படிக் கேட்பது?

ஆண்டு மதிப்பீட்டுப் பேச்சுக்குச் சில வாரம் முன்பு, பயிற்சிக்கான நிதி மிச்சமிருக்கும் நேரத்தில், எழுத்தில் கேளுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். சாரம் இப்படி இருக்கலாம்:

‘ஐயா, வரும் ஆண்டில் நம் பிரிவு பங்கேற்கவிருக்கும் டெண்டர்களில் சான்று பெற்ற திட்ட மேலாளர் கேட்கப்படுகிறார். எனக்குத் தேவையான அனுபவ மாதங்கள் நிறைவடைந்துவிட்டன. பயிற்சி, சந்தா, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றின் விவரத்தை இணைத்திருக்கிறேன். நான்கு மாதத்தில் தேர்வு எழுதிவிடுவேன். முதல் முறை தேறாவிட்டால் மறுதேர்வுச் செலவை நானே ஏற்கிறேன். தேறிய பின் புதிய பணியாளர்களுக்கு இரண்டு அரைநாள் வகுப்பு எடுக்கத் தயாராக இருக்கிறேன்.’

மறுதேர்வுச் செலவை ஏற்பதாகச் சொல்வது உங்கள் பேரத்தை வலுப்படுத்தும். ‘என் முன்னேற்றத்துக்கு உதவியாக இருக்கும்’ என்ற வாக்கியத்தை எழுத வேண்டாம். உண்மைதான், ஆனால் ஒப்புதல் கையெழுத்துப் போடுபவருக்கு அது காரணமாகாது.

பணம் தருகிறோம், இரண்டு ஆண்டு போகக் கூடாது என்று பாண்ட் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

போடலாம், படித்துவிட்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதை வைத்து ‘பாண்ட் எதுவுமே செல்லாது’ என்று அலுவலகத் தேநீர் இடைவேளைகளில் சட்டம் பேசுவார்கள்; அது சரியல்ல. குறிப்பிட்ட காலம் பணியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு தர வேண்டும் என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கியின் ஆள்சேர்ப்பு தொடர்பானது. பயிற்சிச் செலவுக்கான பாண்ட் எல்லாவற்றுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மறுபக்கம், அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே; நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

எனவே மூன்று விஷயங்களைப் பேசுங்கள். தொகை, நிறுவனம் உண்மையில் செலவிட்டதைத் தாண்டக் கூடாது. மாதம் போகப்போகக் குறைய வேண்டும். ஓராண்டு பாண்டில் ஒன்பதாம் மாதம் விலகினால் கால்பங்கு கட்டினால் போதும் என்பதுபோல. நிறுவனமே உங்களை நீக்கினால் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு சான்றிதழுக்கு ஓராண்டு நியாயம், இரண்டாண்டு அதிகம். அசல் பட்டச் சான்றிதழையோ, தொகை எழுதாத காசோலையையோ கேட்டால் கொடுக்காதீர்கள். அதைவிடத் தேர்வுச் செலவை நீங்களே செய்துகொள்வது நல்லது.

தேறவில்லை என்றால்?

விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று முறை எழுதலாம். மூன்றும் போனால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். நிறுவனத்திடம் பேசும்போதே, முதல் முயற்சியில் தோற்றால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ‘தேறினால் மட்டும் பணம்’ என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. அது மோசமான விதி அல்ல, முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

நிறுவனம் மறுத்துவிட்டது. சொந்தப் பணத்தில் எழுதலாமா?

அடுத்த இரண்டு ஆண்டுக்குள் வேலை மாறும் எண்ணம் இருந்தால், எழுதுங்கள். பாண்ட் கிடையாது, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். வேலை மாறும் எண்ணமே இல்லை, இருக்கும் நிறுவனமும் சான்றிதழைக் கண்டுகொள்வதில்லை என்றால், அந்தப் பணத்தை உங்கள் துறை சார்ந்த வேறொரு திறமையில் போடுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்கள் இந்த முடிவுக்கு வரும் முன், பயிற்சிக்காக அரசு பணம் போடும் தங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. அங்கீகாரம் பெற்ற பயிற்சிகளுக்கு அந்தத் தொகையைப் பயன்படுத்தலாம்.

ஒருமுறை வாங்கினால் போதுமா?

போதாது. சான்றைப் புதுப்பிக்க, மூன்று ஆண்டுக்குள் 60 பிடியு (தொழில் வளர்ச்சி அலகு) சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரக் கற்றலுக்கு ஒரு பிடியு. அதில் குறைந்தது 35 கற்றலில் இருந்து வர வேண்டும். மீதி பாடம் நடத்துவது, கட்டுரை எழுதுவது, தொண்டு செய்வது என்று வரலாம். பிஎம்ஐயின் சென்னைக் கிளை போன்றவை நடத்தும் கூட்டங்களுக்குப் போனாலே கணிசமாகச் சேரும். இரண்டரை ஆண்டு மறந்திருந்து கடைசி மாதத்தில் இரவெல்லாம் காணொளி ஓடவிடுபவர்களே மிகுதி. புதுப்பிப்புக் கட்டணத்தை நிறுவனங்கள் எளிதாகத் தந்துவிடுகின்றன; கேட்பவர்தான் இல்லை.

சான்றிதழ் வைத்திருப்பவர்களிலும் மோசமான மேலாளர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களையும் சாலையில் பார்க்கிறோம்.

நான் சிறு நிறுவனம் நடத்துகிறேன். யாருக்குச் செலவு செய்வது?

நாற்பது பேர் உள்ள இடத்தில் பத்துப் பேரை அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே மற்றவர்கள் சிக்கல் வந்தால் போய்க் கேட்கும் ஆள் ஒருவர் இருப்பார். அவர் பதவியில் பெரியவராக இருக்க வேண்டியதில்லை. அவரையும், டெண்டர் வேலை பார்ப்பவரையும் அனுப்புங்கள். கட்டணத்தை முன்பணமாகக் கொடுங்கள். முதலில் கட்டிவிட்டு ரசீது கொடுங்கள் என்றால், வீட்டுக்கடன் மாதத் தவணை கட்டும் பணியாளர் தேர்வையே தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பார். அவர் தேறி வந்ததும் திட்டத்தைத் தொடங்கும்போது நோக்கத்தையும் எல்லையையும் இரண்டு பக்கத்தில் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை அவர் பொறுப்பில் விடுங்கள். ‘இதுவும் சேர்த்துத்தானே சொன்னோம்’ என்று கடைசியில் வரும் சண்டைகள் குறைந்தாலே கட்டணம் திரும்பி வந்துவிடும்.

தேர்வைத் தமிழில் எழுத முடியுமா?

முடியாது. வேறு சில மொழிகளில் தேர்வு உண்டு, தமிழில் இல்லை; நம்மவர்கள் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். 180 கேள்விக்கு 230 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். கேள்வி ஒவ்வொன்றும் நாலைந்து வரி. தமிழ்வழியில் படித்து வந்த பொறியாளர்களுக்குப் பாடத்தைவிட இந்த வாசிப்பு வேகம்தான் தடையாகிறது. கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்து, என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு மேலே போங்கள். அலுவலகத்தில் நாள் முழுதும் ஆங்கில மின்னஞ்சல் படிப்பவருக்கு முழு நீள மாதிரித் தேர்வு இரண்டு போதும். மற்றவர்கள் நாலைந்தாவது, இடையில் எழுந்து போகாமல் எழுதிப் பார்த்து, நேரத்துக்குள் முடிகிறது என்று உறுதியான பிறகே தேர்வுத் தேதியைப் பதிவு செய்யுங்கள்.